கமிஷனில் பங்கு கேட்கும் பாலிசிதாரர்களுக்கு ஓர் ஏஜென்ட்டின் திறந்த மடல்

அண்ணாச்சி, மதினி, டீச்சர், தம்பி என்று நான் முறை வைத்துக் கூப்பிடும் என் பாலிசிதாரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கோவில்பட்டியில் 2003இல் இருந்து ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டாக இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. நம்ம ஊரில் எந்தக் கம்பெனியில் பாலிசி போட்டாலும் அதற்குப் பெயர் 'எல்.ஐ.சி.'தானே. என் ஸ்கூட்டி தெருவுக்குள் நுழைந்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்துகிற வீடுகள் எனக்குத் தெரியும். காபியோடு கடலைமிட்டாயும் வைத்து உட்கார வைக்கிற வீடுகளும் தெரியும். சாத்துகிறவர்களானாலும் சரி, உட்கார வைக்கிறவர்களானாலும் சரி, கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்.

"அதெல்லாம் சரி, எனக்கு எவ்வளவு குடுப்பீக?"

முதல் தவணையில் எவ்வளவை நான் என் கையில் இருந்து போடுவேன் என்பதுதான் கேள்வி. கேட்பதில் யாருக்கும் கூச்சமில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குப் புடவை எடுத்தால் ஒரு கைப்பை இலவசம் என்கிற மாதிரி. போன மாதம் ஒரு வாத்தியார், பக்கத்துத் தெரு ஏஜென்ட் முதல் தவணை முழுவதையும் தானே கட்டுவதாகச் சொன்னதாக என்னிடமே விலை பேசினார். "நீங்க முறைக்காரி, அதான் உங்களுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கேன்" என்று வேறு சொன்னார்.

காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 41 இதைத் தடை செய்கிறது. கொடுக்கிற ஏஜென்ட் மட்டுமல்ல, வாங்கிக்கொள்கிற பாலிசிதாரரும் அதன்படி குற்றவாளிதான். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட ப்ரொபோசல் ஃபாரத்திலேயே (பாலிசி கேட்டு எழுதும் விண்ணப்பம்) அந்தப் பிரிவு அச்சாகியிருக்கிறது, பொடி எழுத்தில். சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. மிரட்டும் யோக்கியதை எனக்கில்லை. நானும் கொடுத்திருக்கிறேன், பல வருஷம், பல பேருக்கு.

இது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் தொழிலுக்கு வந்த காலத்தில், நீண்டகாலப் பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கச் சட்டம் இடம் தந்தது. அடுத்த இரண்டு வருடம் ஏழரை, அதன் பிறகு ஐந்து சதவீதம். இப்போது விதிகள் மாறி, கம்பெனிக்குக் கம்பெனி கணக்கும் மாறிவிட்டது. ஆனாலும் முதல் வருடம்தான் கொழுத்த வருடம். 50,000 ரூபாய் பிரீமியத்தில் 35 சதவீதம் என்றால் 17,500. ஐந்து சதவீதம் என்றால் 2,500. உங்கள் கண்ணில் படுவது அந்தப் பதினேழாயிரத்து ஐந்நூறு. அடுத்த இருபது வருடத்துக்கு நான் உங்கள் வீட்டு வாசல் ஏறி இறங்குவதற்கான கூலியில் பெரும்பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது. அதில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டால் பாதி வேலையை நீங்களே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நீங்கள் அப்படி நினைத்து வாங்குவதில்லை. நான் அப்படி நினைத்துத்தான் கொடுத்தேன்.

பங்கு வாங்கியவர்களின் போனை நான் எடுக்கும் விதமே வேறு. "அவருக்குத்தான் அப்பவே குடுத்தாச்சே" என்று மனது முதலில் சொல்லும், பிறகுதான் கை போகும். அவர்களும் என்னிடம் உரிமையோடு சண்டை போட மாட்டார்கள். ரசீது வரவில்லை என்றால்கூட, "சும்மா கேட்டேன்மா" என்று இழுப்பார்கள். அவர்களிடமும் ஏதோ கூசுகிறது, என்னிடமும் ஏதோ கூசுகிறது. முழுப் பணம் கட்டியவர் அப்படி இல்லை. "ஏம்மா, எம்புட்டு நாளா சொல்லுதேன், நாமினி பேரை மாத்தித் தரமாட்டியா?" என்று நடுத்தெருவில் சத்தம் போடுவார். எனக்கு அவரைத்தான் பிடிக்கிறது.

ஒரு அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரும் தெருவும் வேண்டாம்.

மார்ச் 28. வருஷக் கடைசி. டார்கெட்டுக்கு இரண்டு பாலிசி குறைகிறது என்று மேலே இருந்து காலையில் இருந்தே போன். 10 லட்சத்துக்கு எண்டோமென்ட் பாலிசி (கெடு முடியும்போது உயிரோடு இருந்தாலும் பணம் வருவது) போட அந்த அண்ணாச்சி சம்மதித்திருந்தார். பேரம் முந்தின நாளே முடிந்துவிட்டது, முதல் தவணையில் எட்டாயிரம் என்னுடையது. அவர் கடைக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். ஃபாரம் ஆங்கிலத்தில். வழக்கம் போல நான்தான் நிரப்பினேன். உயரம், எடை, அப்பா இறந்த வயது, எல்லாம் கேட்டேன். "சுகர், பிரஷர் ஏதும் உண்டா அண்ணாச்சி?" என்றபோது நான் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பதில் வரும் முன்பே பேனா 'இல்லை' என்ற கட்டத்தின் மேல் இருந்தது. அவர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடுங்க" என்றார்.

தண்ணீர் வாங்க அடுக்களை வாசல் வரை போனேன். ஃபிரிட்ஜ் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வண்டிச் சாவி, ரெண்டு ரப்பர் பேண்டு, ஒரு மெட்ஃபார்மின் அட்டை. பத்துக் குமிழில் நாலு பிய்ந்திருந்தது. என் அப்பா சர்க்கரைக்குத் தினமும் போட்ட மாத்திரை அது, தூரத்தில் பார்த்தாலே தெரியும்.

நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஆமாம் என்பார். ஆமாம் என்றால் ரத்தப் பரிசோதனை, சிறப்பு அறிக்கை, பிரீமியம் கொஞ்சம் கூடும், மார்ச் 31 தாண்டிவிடும். எட்டாயிரம் கொடுத்துப் பிடித்த பாலிசி. அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆங்கில ஃபாரத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டால், கேள்விகளை எல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னோம் என்று இன்னொருவர் உறுதிமொழி எழுதித் தரவேண்டும். அதற்கும் ஒரு கையெழுத்தை நானே ஏற்பாடு செய்தேன்.

ஒரு வருடம் பத்து மாதம் கழித்து, நெஞ்சுவலி என்று படுத்தவர் விடியவில்லை. மூன்று வருடத்துக்குள் வந்த கிளெய்ம் என்றால் கம்பெனி விசாரிக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து நாலு வருடத்துக்கு முந்தைய ஓ.பி. சீட்டு ஒன்று கிடைத்துவிட்டது, சர்க்கரை அளவோடு. 10 லட்சம் இல்லை என்று கடிதம் வந்தது. கட்டிய இரண்டு தவணை மட்டும் திரும்ப வந்தது. அதில் என் எட்டாயிரமும் இருந்தது.

அந்த மதினி என்னைத் திட்டவில்லை. "உங்ககிட்ட அவுக சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொல்லவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தட்டைப் பற்றி அவளிடம் போன வருடம்தான் சொன்னேன்.

அதன் பிறகு நான் யாருக்கும் பங்கு கொடுப்பதில்லை. வியாபாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் இதை ஒரு கிறுக்கு என்றுதான் சொல்கிறார்.

உங்களுக்கு ஏஜென்ட்கள் மேல் இருக்கும் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாலிசி போடும் வரை நாலு தடவை வந்தவள், பாண்டு, அதாவது பாலிசிப் பத்திரம், கையில் கொடுத்த பிறகு தலை காட்டுவதில்லை. டெர்ம் பாலிசியைப் பற்றி நாங்களாக வாயைத் திறப்பதில்லை. அதே ஐம்பதாயிரத்தில் ஒரு பகுதிக்கே பல மடங்கு பெரிய தொகைக்குக் காப்பீடு கிடைக்கும், உயிரோடு இருந்தால் ஒன்றும் திரும்ப வராது, பிரீமியம் சின்னது, எங்கள் கமிஷனும் சின்னது. எண்டோமென்ட்டை விற்கும்போது கடைசியில் வரும் மொத்தத் தொகையைக் காட்டுவோம். இருபது வருடத்துக்கு வருஷக் கணக்கில் அது எவ்வளவு வட்டி என்று கணக்குப் போட்டுக் காட்ட மாட்டோம். போட்டால் பல பாலிசிகள் வங்கி டெபாசிட்டையே எட்டாது. இதை என் வாயாலேயே சொல்கிறேன். அடுத்த முறை எந்த ஏஜென்ட் வந்தாலும், என்னையும் சேர்த்துத்தான், இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கியில் லாக்கர் கேட்கப் போன இடத்தில் பாலிசியை நீட்டுகிறவர்களிடமும் கேளுங்கள். அங்கே ரெண்டு வருஷத்தில் ஆள் மாறிவிடும், சட்டையைப் பிடிக்கக்கூட ஆள் இருக்காது.

பங்கு கேட்கிற வாயால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய வேலைகள் எத்தனையோ. பாண்டு கைக்கு வந்ததும் என்னை உட்கார வைத்து, சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று வரி வரியாகப் பார்க்கச் சொல்லலாம். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில சில்லறைப் பிடித்தம் போகப் பணம் வரும். முன்பு இந்தக் கெடு 15 நாளாக இருந்தது. இப்படி ஒரு வழி இருப்பதை எங்களில் பலர் சொல்வதே இல்லை, ஏனென்றால் பாலிசி திரும்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். ஒரு வருடம் முழுதாகக் கட்டிவிட்டு முடியாமல் நிறுத்துகிறீர்கள் என்றால், முன்பு கைக்கு ஒன்றுமே வராது. 2024 அக்டோபர் 1 முதல் வந்த விதிப்படி, அதன் பின் வரும் பாலிசிகளில் ஒரு வருடம் முடிந்தாலே சரண்டர் தொகை, அதாவது பாலிசியை நடுவில் முடித்தால் கைக்கு வரும் பணம், உண்டு. எவ்வளவு என்று என்னிடம் கேளுங்கள், சொல்லவேண்டியது என் வேலை.

நாமினி விஷயம் தனிக் கூத்து. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசியில் அம்மா பெயர். அம்மா போய் ஆறு வருஷம். பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள், பாலிசியில் இல்லை. மாற்றுவதற்கு ஒரு ஃபாரம், ஒரு கையெழுத்து. மாற்றாமல் விட்டால் வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் படி ஏறவேண்டும், அதுவும் அழுகிற வீட்டில் இருந்து. கடையில் கடன் வாங்கிப் புழங்குகிற அண்ணாச்சிமாருக்கு இன்னொன்று: 1874ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயருக்குப் பாலிசி போட்டால், அந்தப் பணத்தில் கடன்காரர் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைச் செய்யவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர்.

உங்களிடம் எனக்கு வேண்டியதும் இருக்கிறது. போன் நம்பரை மாற்றினால் சொல்லுங்கள். மெச்சூரிட்டி ஆகியும் ஆள் கிடைக்காமல் கிடக்கும் பணம் பத்து வருடம் தாண்டினால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும், அப்புறம் அதை மீட்க அலையவேண்டும். தவணை நாளுக்கு நான் நினைவூட்டுவேன், ஆனால் கட்டவேண்டியது நீங்கள். வருடத் தவணைக்கு 30 நாள் சலுகை உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள்தான். 'காப்பீட்டு ஆணையத்தில் இருந்து பேசுகிறோம், உங்களுக்குப் போனஸ் வந்திருக்கிறது' என்று யாராவது போனில் சொன்னால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அந்த ஆணையம் யாருக்கும் போன் பண்ணிப் பாலிசி விற்பதோ போனஸ் கொடுப்பதோ இல்லை. நான் தப்புச் செய்தால் கம்பெனிக்கு எழுதுங்கள். அங்கே கேட்காவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. புகாரை எழுதத் தெரியாவிட்டால் என் மேல் உள்ள புகாரையும் நானே எழுதித் தருகிறேன். சிரிக்காதீர்கள், ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட, நோயைச் சொல்லுங்கள். "சொன்னா பாலிசி குடுக்க மாட்டாங்க" என்று நினைக்கிறீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடும். சொல்லாமல் போட்ட பாலிசியை முதல் மூன்று வருடத்துக்குள் கிளறிப் பார்க்க அதே காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 45 கம்பெனிக்கு இடம் தருகிறது. மூன்று வருடம் தாண்டினால் கேள்வி கேட்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதை நம்பி மறைக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லித் தரும் ஏஜென்ட்டும் ஊரில் உண்டு. மூன்று வருடம் உயிரோடு இருப்பீர்கள் என்று அவர் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு மேல் புதுப் பாலிசி கேட்டவர்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள், கடைக்குப் போகும் அவசரத்தில் வேண்டாம். ஃபாரத்தை ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் படிப்பேன், நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொடுவேன். காபி அப்புறம் குடிக்கலாம். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரைத் தட்டை முதலில் எடுத்து வந்து என் முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏஜென்ட்
கோவில்பட்டி