திரும்பி வரும் நேரத்துக்கு ஒரு பை

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். ஐப்பசி மழையில் தெருவில் முட்டளவு தண்ணீர் நின்று, முந்தாநாள்தான் வடிந்தது. வீட்டுக்குள் வரவில்லை, கவலைப்படாதே.

சம்பந்தி அம்மா நேற்று போன் செய்தார்கள். டிசம்பர் லீவில் எல்லாருமாக உங்கள் டெக்சாஸில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறீர்களாம், இந்தத் தடவையும் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் ஒரு நாள் இறங்குவீர்களாம். "கடற்கரைக்குப் போக என்னென்ன எடுத்து வைக்கணும், நீங்கதான் போய் வந்தவங்களாச்சே" என்று கேட்டார்கள். அவர்களிடம் நாலு வார்த்தை சொன்னேன். ஆனால் பை கட்டப் போகிறவள் நீ. போனில் சொன்னால் பிள்ளைகள் சத்தத்தில் பாதிதான் காதில் விழும். எழுதிவிட்டால் கப்பல் அறையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பாய்.

போன டிசம்பரில் நாம் தூக்கிக்கொண்டு போன பை ஞாபகம் இருக்கிறதா? மணல் வாளி, இரண்டு மிதவை, பெரியவளுக்கு மூன்று கதைப் புத்தகம், கண்ணாடி, கேமரா, ஆளுக்கொரு தொப்பி. எல்லாமே கடலில் இறங்குவதற்கான சாமான். மத்தியானம் வரைக்கும் குறையே இல்லை. மூன்று மணிக்கு மேல் வடக்கே இருந்து காற்று அடிக்க ஆரம்பித்தது. குளிர்காலத்தில் அமெரிக்காவின் குளிர் மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி அப்படி இறங்குமாம், அங்கே அதற்கு நோர்தே என்று பேர். நம் ஊர் வாடைக்காற்று மாதிரிதான், ஈர உடம்பில் பட்டால் எலும்பு வரைக்கும் போகும்.

கப்பல் ஏறுகிற துறையில் நீளமான வரிசை. சின்னவன் நனைந்த கால்சட்டையோடு என் பக்கத்தில் நின்றான். உதடு நீலம் பாரித்து, பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. விரல் நுனி எல்லாம் ஊறிச் சுருங்கி, என் கையைப் பிடித்த பிடியில் சூடே இல்லை. நீ பையைத் தரையில் கவிழ்த்து, கப்பலில் ஏறக் காட்டவேண்டிய ரூம் கார்டைத் தேடினாய். வாளி உருண்டு ஓடியது. பையில் இருந்த துணி ஒன்றுவிடாமல் ஈரம். என் கைப்பையில் நான் முகம் துடைக்க வைத்திருந்த ஈரிழைத் துண்டு ஒன்றுதான் காய்ந்து கிடந்தது. அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைச் சுற்றி, முந்தானைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டேன். கார்டு கடைசியில் கதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் மணலோடு அகப்பட்டது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை மக்கா. அன்று காலையில் பையைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் கட்டியிருக்கே" என்று சொன்னவள் நான். ஊருக்கு வந்த பிறகும் அந்த வரிசை மனதை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கடலுக்குள் இருக்கும்போது பிள்ளைகளுக்கு எதுவுமே வேண்டியதில்லை, கடலே போதும். கரையேறியதிலிருந்து கப்பல் அறைக்கதவு திறக்கிற வரைக்கும் உள்ள இரண்டு மணி நேரத்துக்குத்தான் பை வேண்டும். அந்த நேரத்தை நினைத்துக்கொண்டு கட்டு.

முதலில் பையின் அடியில் ஆளுக்கொரு செட் காய்ந்த துணி. பிள்ளைகளுக்கு உள்ளாடையோடு, மெல்லிசாக ஒரு முழுக்கைச் சட்டையும். எல்லார் துணியையும் ஒன்றாகச் சுருட்டாமல், தனித்தனியாக ஜிப் வைத்த கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடு. கிளம்புகிற வரை அதைத் திறக்கவே கூடாது. கூடவே ஒரு வெறும் பை மடித்து வை, தண்ணீர் கசியாத பையாக. ஈரத்துணி முழுக்க அதில்தான் போகவேண்டும். போன தடவை எல்லாம் நனைந்ததற்குக் காரணம், ஈரத்தைப் போட வேறு இடம் இல்லாமல் போனதுதான்.

மணலுக்குச் சோளமாவு. ஒரு சின்ன டப்பாவில் போதும். ஈர மணலைத் துண்டால் துடைத்தால் தோல்தான் சிவக்கும். மாவை லேசாகத் தூவிக் கையால் தடவிவிட்டால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், மணல் பொலபொலவென்று கொட்டிவிடும். கால், கணுக்கால், தொடை இடுக்கில் மட்டும் போடு. முகத்துப் பக்கம் கொண்டு போகாதே, காற்றில் பறந்து பிள்ளை மூச்சில் ஏறிவிடும்.

கப்பலில் இறங்குகிற இடத்தில் பெரிய துண்டு தருவார்கள். தொலைத்தால் கணக்கில் ஏற்றுவார்கள், அதோடு நனைந்தால் ஒவ்வொன்றும் ஒரு கல் கனம் கனக்கும். மணலில் விரிக்க அதை வைத்துக்கொள். உடம்பு துடைக்க நம் ஈரிழைத் துண்டுதான் லாயக்கு. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், பத்து நிமிஷம் காற்றில் பிடித்தால் காய்ந்துவிடும்.

மிதவை விஷயம் ஒன்று சொல்லவேண்டும், இதைக் கவனமாகப் படி. கப்பல்கள் நிற்பதும் நாம் குளித்த கரையும் தீவின் மேற்குப் பக்கம். அங்கே பெரும்பாலும் கொண்டல் காற்று, கிழக்கிலிருந்து வருவது. தீவு மறைத்துக்கொள்வதால் மேற்குக் கரை அலையில்லாமல் குளம் மாதிரிக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு பயமே வராது. ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. காற்றடைத்த மிதவையில் பிள்ளை உட்கார்ந்தால், நாம் தொப்பியைச் சரிசெய்து திரும்புவதற்குள் பத்தடி தள்ளிப் போயிருக்கும். அந்தத் தீவை ஒட்டி நீரோட்டமும் உண்டு. நான் இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், அலையைவிடக் கரைக்காற்றுக்குத்தான் எனக்கு பயம். அதனால் இரண்டு மிதவையையும் வீட்டிலேயே வைத்துவிடு. பிள்ளைகளின் எடைக்குப் பொருத்தமான, உங்கள் ஊர்க் கடலோரக் காவல்படை ஒப்புதல் அச்சிட்ட லைஃப் ஜாக்கெட் இரண்டு வாங்கிப் பைக்கு வெளியே கட்டித் தொங்கவிடு. கையில் மாட்டுகிற காற்றுப்பட்டை விளையாட்டுச் சாமான், உயிரைக் காப்பாற்றாது. ஜாக்கெட் போட்டிருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் மாப்பிள்ளையோ நீயோ நிற்கவேண்டும்.

வெயிலுக்கு, கை முழுக்க மூடுகிற நீச்சல் சட்டைதான் முதல். மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். துத்தநாக ஆக்சைடு போட்ட வகையாகப் பார்த்து வாங்கு, வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்று போட்டிருந்தால் வேண்டாம். அந்த இரண்டும் பவளப்பாறைக்குக் கேடு என்று ஹவாயில் விற்கவே தடை போட்டிருக்கிறார்கள், 2021-லிருந்து. கொசுமெல்லைச் சுற்றியுள்ள பாறைகளை மெக்சிகோ 1996-ல் தேசியக் கடற்பூங்காவாக அறிவித்திருக்கிறது. கடலில் இறங்குமுன் எந்த சன்ஸ்கிரீனும் பூசக்கூடாது என்று சொல்லும் இடங்களும் அங்கே உண்டு, சொன்னால் கேட்டுக்கொள். பூசுவதானால் கப்பலை விட்டு இறங்குமுன்பே பூசு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

பெரியவள் போன தடவை உடைந்த பவளத்துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அழுதாள். இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போ. பவளமும் பெரிய சங்கும் நாடு விட்டு நாடு எடுத்துப் போகக் கட்டுப்பாடு உள்ளவை. நம் ஊர்க் கதையையும் அவளுக்குச் சொல். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் இங்கே பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள்ளேயே போய்விட்டன. அப்பாவுக்கு அந்தத் தீவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரல் கம்மிவிடும்.

இனி சம்பந்தி அம்மா. அவர்களுக்குச் சர்க்கரை பதினைந்து வருஷமாக இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் கடற்கரை என்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். விடாதே. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மாள் வந்தார். ஆடி மாத மத்தியான வெயிலில் கோயில் வெளிப்பிரகாரத்தை மூன்று சுற்று வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். "சுடவே இல்லையே சிஸ்டர்" என்றார். சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போனால் சூடும் தெரியாது, கிளிஞ்சல் குத்தினாலும் தெரியாது. அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது, நான்தான் கட்டுப் போட்டேன். ஆகவே, தண்ணீருக்குள்ளும் கழற்றாமல் போடுகிற மாதிரி மூடிய ரப்பர் ஷூ ஒன்று அவர்கள் அளவில் வாங்கு. அங்கே கரையில் பாறையும் கூராக இருக்கும், பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது. சாயங்காலம் அறைக்கு வந்ததும் அவர்கள் உள்ளங்காலை நீ உன் கண்ணால் பார். கூச்சப்படுவார்கள், பரவாயில்லை, நான் சொன்னேன் என்று சொல்.

இன்சுலினை வெயில் படுகிற பையில் விட்டுவிடாதே. சின்ன குளிர்ப்பையில், ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி வை. சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் பொடியோ மிட்டாயோ, கைக்கு உடனே எட்டும் முன் ஜிப்பில் இருக்கட்டும். எல்லாருடைய மாத்திரையும் அன்றைக்கு வேண்டியதோடு இன்னும் ஒரு நாளைக்கும் சேர்த்து எடுத்துக்கொள், அட்டையிலிருந்து பிரிக்காமல்.

தண்ணீர் ஆளுக்கொரு பாட்டில், கப்பலிலேயே நிரப்பிக்கொள். எலக்ட்ரால் பெரிய பாக்கெட் இரண்டு போடு. அது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கு. சின்ன பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கரைத்தால் உப்பு கூடிப்போய்ப் பிள்ளைக்குக் கெடுதல், நிறையப் பேர் செய்கிற தப்பு. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று அதற்கென்றே வை.

தின்ன, கடையில் மூடி விற்கிற பாக்கெட் மட்டும். கப்பல் சாப்பாட்டு அறையிலிருந்து வாழைப்பழம், சாண்ட்விச் எடுத்துக்கொண்டு இறங்கக்கூடாது. பழத்தோடும் இறைச்சியோடும் பூச்சியும் நோயும் ஊருக்குள் வந்துவிடும் என்று அங்கே விடமாட்டார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட் சம்பந்தி அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். சாக்லேட் மாதிரி உருகாது, ஒரு வில்லை தின்றால் பிள்ளை ஒரு மணி நேரம் தாங்கும். வரிசையில் நிற்கும்போது கொடு.

ரூம் கார்டுகளைக் கழுத்தில் மாட்டுகிற கவரில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு, பைக்குள் போடவே வேண்டாம். பாஸ்போர்ட்டை அறை லாக்கரில் வைத்துவிட்டு நகல் மட்டும் எடுத்துப் போவதுதான் நல்லது. ஆனால் அசல் வேண்டுமா என்று அன்றைய அறிவிப்பில் பார்த்துக்கொள். சம்பந்தி அம்மாவின் அமெரிக்க விசாவைக் காட்டியே மெக்சிகோவில் இறங்கலாம், திரும்பி நுழைய அது மல்டிபிள் என்ட்ரியாக இருக்கவேண்டும். மாப்பிள்ளை பார்த்திருப்பார், ஆனாலும் ஒரு வார்த்தை கேள். கப்பலில் தினமும் தரும் தாளில் அந்தத் துறைமுக ஏஜென்ட் போன் நம்பர் இருக்கும். கத்தரித்துப் பையில் போடு. ஒன்று, ஐந்து டாலர் நோட்டாகக் கொஞ்சம் சில்லறை.

கடைசியாக ஒரு கைக்கடிகாரம். கொசுமெல் 2015-லிருந்து வேறு மணிக்கணக்கில் இருக்கிறது, டிசம்பரில் உங்கள் டெக்சாஸைவிட ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் தீவு மணிக்கு மாற்றிக்கொள்ளும், சிலது மாற்றாது. கப்பல் மாற்றிக்கொண்டு, உன் போன் ஏரோப்ளேன் மோடில் பழைய மணியையே காட்டிக்கொண்டிருந்தால், மூன்று என்று நீ நினைக்கிற நேரம் அங்கே நான்கு. இறங்குகிற வாசலில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துக் கையில் கட்டியதைத் திருத்திக்கொள், நாள் முழுக்க அதை மட்டும் நம்பு. ஏறச் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கூப்பிடு. அழுவார்கள். அழட்டும்.

வாளி ஒன்று போதும், புத்தகம் வேண்டாம். பை தோளில் இரண்டு பக்கமும் மாட்டுகிறதாக இருக்கட்டும், பாலத்தில் ஏறும்போது உன் இரண்டு கையும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

நாலு ஈரிழைத் துண்டு வாங்கி சம்பந்தி அம்மா பெட்டியில் வைக்கக் கொடுத்திருக்கிறேன். நீலக்கரை போட்டது சின்னவனுக்கு. புதுத்துண்டு தண்ணீரை இழுக்காது, கஞ்சி போக இரண்டு தடவை அலசிக் காயப்போட்டுவிட்டு எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா