சனிக்கிழமை ராத்திரி போனை எடுத்தவர்களுக்கு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டு டிஸ்க்கிலிருந்து காணாமல் போனதாக நான் நினைத்த எல்லாப் படமும் இருக்கிறது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, அப்பத்தா பாடின தாலாட்டு, வீட்டுப் பத்திரம், பட்டா ஸ்கேன், பையன் முதல் தடவை சைக்கிளில் விழுந்து எழுந்தது, ஒன்றும் போகவில்லை. "கிடைச்சுதா, கிடைச்சுதா" என்று போன வாரம் முழுக்க ஆளாளுக்குக் கேட்டீர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் வீட்டு டிவி ஷெல்ஃபில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 இருக்கிறது, லினக்ஸில் ஓடும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர். அதில் 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று, பேக்கப்புக்கு இன்னொன்று. வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் சம்பா என்ற மென்பொருளைப் போட்டு 'குடும்பம்' என்று ஒரு ஷேர், அதாவது எல்லோரும் திறக்கிற பொது ஃபோல்டர், வைத்திருக்கிறேன். வீட்டில் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கலாம். நாலு வருஷமாக ஓடுகிறது, நானும் நாலு வருஷமாக அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. அன்று சாயங்காலம் டிவியில் 'குடும்பம்' திறக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. தங்கச்சி லேப்டாப்பில் திறக்கவே இல்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினரை அனுமதிக்காது என்று ஒரு செய்தி. "எந்த நிறுவனம்ணே, நம்ம வீடா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துவிட்டேன். சம்பாவின் கான்ஃபிக் ஃபைலை, அதாவது அதன் அமைப்புகள் இருக்கும் ஃபைலை, திறந்து ஒரு வரியை மாற்றுவது, ரீஸ்டார்ட், இன்னொரு வரி, ரீஸ்டார்ட் என்று இரண்டு ராத்திரி போனது. எதை மாற்றினேன் என்று எழுதியும் வைக்கவில்லை. இந்த ஃபைல் பகிர்வு நடக்கிற முறைக்கு எஸ்எம்பி என்று பெயர், ஒரு வீடியோவில் அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணச் சொன்னார்கள், அதையும் பண்ணப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பொறுமை போய், டிஸ்க்கைப் பிடுங்கி மச்சான் லேப்டாப்பில் சொருகினேன். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டது. மச்சான், அந்த நிமிஷம் நீ என் கையைத் தட்டிவிட்டு மவுஸைப் பிடுங்கிக்கொண்டாய் பார், அதற்கு உனக்கு ஆயுசுக்கும் பிரியாணி கடன்பட்டிருக்கிறேன். உனக்கு லினக்ஸும் தெரியாது, லினக்ஸ் முறையில் ஃபார்மட் பண்ணின இஎக்ஸ்டி4 டிஸ்க்கை விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது என்பதும் தெரியாது, "கேட்கிறான்னு உடனே குடுத்துருவியா?" என்று மட்டும் கேட்டாய். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் நான் டிஸ்க் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். திரும்ப ராஸ்பெர்ரி பையில் சொருகினால் டிக், டிக் என்று ஒரு சத்தம் வேறு.

அப்புறம் சனிக்கிழமை ராத்திரி 11:20. பழைய ஆபீஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த நேரத்தில் எடுத்ததே பெரிது. அக்கா, நான் கான்ஃபிக் வரிகளைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எதையும் காதில் வாங்கவில்லை என்று அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது: "பேக்கப் எப்போ ஓடும்?"

"வாரம் ஒருதடவை அக்கா, ஞாயிறு அதிகாலை 2 மணி."

"இன்னிக்கு என்ன கிழமை?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பேக்கப் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கமாண்டில் ஓடுகிறது, கூடவே டெலீட் ஆப்ஷனும் போட்டிருக்கிறேன். அதாவது மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக்கூடாது, அழித்துவிடு என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். மூல ஃபோல்டர் காலியாக இருந்தால் அது கோளாறா, வேண்டுமென்றே காலி பண்ணினதா என்று ஆர்சிங்குக்கு எப்படித் தெரியும்? சமர்த்தாக இரண்டாவது டிஸ்க்கையும் துடைத்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் நல்லபடியாக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே நகல் அதுதான். நீங்கள் போனில் சொல்லச் சொல்ல, பேக்கப்பை நேரத்துக்குத் தானாக ஓட்டும் கிரான் வரிக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டு அதை நிறுத்தினேன், அதுவும் போதாது என்று பேக்கப் டிஸ்க்கின் ஒயரையே உருவி அலமாரிக்குள் வைக்கச் சொன்னீர்கள். மணி 11:40. இன்னும் 2 மணி 20 நிமிஷம்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் அடுத்த கேள்வி: "அந்தக் காலி ஃபோல்டர் எந்த டிஸ்க்குல இருக்குன்னு பாத்தியா?" பார்க்கவில்லை. பார்த்தால் அது ராஸ்பெர்ரி பை பூட் ஆகிற மெமரி கார்டில் இருக்கிறது. பெரிய டிஸ்க் மவுண்டே ஆகவில்லை. மவுண்ட் என்பது சுவரில் இருக்கும் ஆணியில் பையை மாட்டுவது மாதிரி. மூன்று நாளாக நான் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு பைக்குள் இருந்ததெல்லாம் போச்சு என்று அழுதிருக்கிறேன். எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் ஃபைலின் வரியில் 'நோஃபெயில்' என்று எங்கிருந்தோ பார்த்துக் காப்பி பண்ணியிருந்தேன். அது இல்லாவிட்டால் டிஸ்க் வராதபோது ராஸ்பெர்ரி பை பூட் ஆகாமல் அங்கேயே நின்றிருக்கும், எனக்கும் புதன்கிழமையே தெரிந்திருக்கும். அது இருந்ததால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து, சம்பாவும் ஜோராக வெறும் ஆணியை ஷேர் பண்ணிக்கொண்டிருந்தது.

டிஸ்க் ஏன் வரவில்லை? அதற்கு எதிர்வீட்டுத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலேஜ் பையன் ஒருவன் எட்டு மணிக்கு எழுந்து ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பது சாதாரண விஷயமா? வந்ததும் சார்ஜரைத்தான் பார்த்தான். "அண்ணே, இது போன் சார்ஜர்தானே?" ஆமாம். பழைய அடாப்டர் போன வருஷம் போய்விட்டது, கைக்குக் கிடைத்ததைச் சொருகியிருந்தேன். பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும், அதன் நாலு யுஎஸ்பி வாய்க்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் வெளியே கொடுக்கும், இந்த டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போதுதான் அதிகம் இழுக்கும் என்று விளக்கிவிட்டு சிஸ்டம் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் கர்னல் லாக்கைத் திறந்து காட்டினான். 'அண்டர்வோல்டேஜ்', அதாவது கரண்ட் போதவில்லை, என்று வரிசையாக, பத்துப் பதினைந்து வரி. அந்த டிக் டிக் சத்தம் சாகிற சத்தம் இல்லை, பசிச் சத்தம். பேக்கப் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமையும் பாதி ஷட்டரைத் தூக்கி, தனி கரண்ட்டில் ஓடும் யுஎஸ்பி ஹப் ஒன்றும் நல்ல அடாப்டர் ஒன்றும் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. விலை உயர்ந்த ஹப்பைக் கேட்டேன், "உங்களுக்கு இது போதும் சார்" என்று குறைந்த விலையில் ஒன்றைத்தான் கொடுத்தார்.

மாட்டினோம். டிஸ்க் வந்தது. வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். அப்பத்தா குரல் கேட்டதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆனால் தம்பி விடவில்லை. 32 ஜிபி மெமரி கார்டு 98 சதவீதம் நிறைந்திருக்கிறது, தேடினால் எந்த ஃபோல்டரிலும் அவ்வளவு இல்லை. இதை நான் மட்டும் பார்த்திருந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பேன். டிஸ்க் மாட்டாமல் இருந்த நாட்களில் வீட்டுப் போன்களெல்லாம் படத்தைத் தானாக அந்த வெறும் ஃபோல்டருக்கே அனுப்பியிருக்கின்றன. இப்போது டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்ததும் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. கார்டின் ரூட்டை, அதாவது மேல்மட்ட ஃபோல்டரை, வேறொரு இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் பண்ணிப் பார்த்தால், 11 ஜிபி! தங்கச்சி மகள் காது குத்து முழுக்க அதற்குள்தான். அதையெல்லாம் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மாட்டாத நேரத்தில் யாரும் எழுத முடியாதபடி அந்த வெறும் ஃபோல்டரையும் பூட்டிவிட்டான். பேக்கப் ஸ்கிரிப்டில் முதல் வரியாக 'டிஸ்க் மாட்டியிருக்கிறதா பார், இல்லையென்றால் நின்றுவிடு' என்று சேர்த்தோம்.

தங்கச்சி லேப்டாப் வேறு கதை. அந்த வாரம்தான் விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்திருந்தது. ப்ரோ பதிப்பில் அது பாஸ்வேர்டு இல்லாத விருந்தினரை ஏற்பதில்லை, எஸ்எம்பி இணைப்பில் கையொப்பமும், அதாவது வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரையும், கட்டாயம். விருந்தினர் இணைப்பில் கையொப்பத்துக்கு வழியே கிடையாது. அக்கா சொன்னது: "விண்டோஸ் பண்றது சரி, நீ பண்ணதுதான் தப்பு." எஸ்எம்பி1 பேச்சை எடுத்ததற்குத் திட்டும் கிடைத்தது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் பூராப் பரவியதே அந்தப் பழசில் இருந்த ஓட்டை வழியாகத்தானாம். சரி என்று ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு போட்டு விருந்தினர் வரியைத் தூக்கினோம். அப்புறமும் அவள் லேப்டாப் அடம்பிடித்தது, பழைய லாகினை உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு அதையே அனுப்பிக்கொண்டிருந்தது. அதை அழித்ததும் திறந்தது. திறந்தாலும் எழுத முடியவில்லை, ஏனென்றால் பாதி ஃபைலை நான் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில், காப்பி பண்ணியிருந்தேன். ஒரே குரூப், எல்லோரும் அதற்குள், முடிந்தது. தங்கச்சி, நாலு மணி நேரம் உன் லேப்டாப்பை விட்டுக்கொடுத்துவிட்டு உன் ஆபீஸ் வேலையை ராத்திரி உட்கார்ந்து செய்தாய். கேட்கவே இல்லை நான்.

முகம் தெரியாத ஒருவருக்கும் ஒரு கும்பிடு. சம்பாவை ஆரம்பித்தவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிஜெல், 90-களின் தொடக்கத்தில், கான்பெராவில் மாணவராக இருந்தபோது. எஸ், எம், பி மூன்றும் இருக்கிற சொல்லை அகராதியில் தேடி எடுத்த பெயர்தான் சம்பா. 1996-இல் பால் மெக்கராஸோடு சேர்ந்து ஆர்சிங்கைக் கொண்டுவந்தவரும் இவரே என்று தம்பி சொன்னபோது ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நாலு வருஷம் எங்கள் படத்தைக் காட்டியதும் அவர் எழுதியதுதான், ஞாயிறு 2 மணிக்கு அழிக்கக் காத்திருந்ததும் அவர் எழுதியதுதான். டெலீட் போட்டது நான், அவர் மேல் குற்றமில்லை.

அக்கா, நீங்கள் மதுரை வரும்போது வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். தம்பி, உன் ஸ்க்ரூடிரைவரும் அந்தக் குட்டி டார்ச்சும் டிவி ஷெல்ஃபில்தான் இருக்கின்றன, பையன் எடுத்து விளையாடுவதற்குள் வந்து வாங்கிக்கொள்.