பறிப்பு ஒரு நாள் வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறேன். விதை நேர்த்தி, நாற்றங்கால், பாத்தி அமைப்பு, உரம், பூச்சிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றையும் விரிவாகச் சொல்லும் கட்டுரைகள், காய்கறிப் பயிரைப் பொறுத்தவரை, ‘விதைத்த 50ஆம் நாளில் அறுவடைக்கு வரும்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. தானியப் பயிருக்கு அந்த வரி போதும். கதிர் முற்றியதும் அறுத்து, அடித்து, மூட்டை கட்டிவிட்டால் அந்தப் போகம் முடிந்தது. காய்கறித் தோட்டத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த 50ஆம் நாளில்தான் உண்மையான பாடு தொடங்குகிறது. அதைப் பற்றிச் சிறிது எழுத இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வெண்டையையே எடுத்துக்கொள்வோம். பூ மலர்ந்த நான்கைந்து நாட்களில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். வெயில் காலத்தில், பிஞ்சாக இருக்கிறதே, இன்னும் சற்றுப் பெருக்கட்டும் என்று விட்டு வந்த காயை மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நாரேறிப் போயிருக்கும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே தீரவேண்டும். வீட்டில் விசேஷம் என்பதோ, பறிக்கிறவருக்குக் காய்ச்சல் என்பதோ, இரவெல்லாம் மழை என்பதோ செடிக்குத் தெரியாது. கடையில் வாங்குகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்த்துப் பதம் தெரிந்துகொள்கிறார்கள். தோட்டத்தில் அப்படி ஒடித்துக்கொண்டிருக்க முடியாது. பிடித்த பிடியிலேயே விரல் சொல்லிவிடும். இளங்காயின் காம்பு லேசாக அழுத்தியதும் ஒடிந்து வரும். முற்றலின் காம்பை முறுக்கினாலும் வராது, கத்திதான் வைக்கவேண்டும். வெண்டைச் சுனை பட்ட கை மாலைவரை அரிக்கும். என் தாயார் பழைய காலுறைகளின் முனையை வெட்டி முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வரிசைக்குள் இறங்குவார். அதையும் மீறி மணிக்கட்டில் தடித்துவிடும்.

பறிக்கத் தவறிய காயால் நேரும் நட்டம் அந்த ஒரு காயோடு போவதில்லை என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். செடி காய்ப்பது நமக்காக அன்று, விதைக்காக. ஒரு காய் முற்றி விதை பிடிக்கத் தொடங்கினால், செடி தன் சத்தை அதற்குக் கொடுத்துவிட்டுப் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வெண்டைக்கும் பீன்ஸுக்கும் வெள்ளரிக்கும் இது பொருந்தும். வெள்ளரிதான் இதில் மிகவும் ஏமாற்றும். அகன்ற இலைக்கடியில் காயும் இலை நிறத்திலேயே கிடப்பதால், வரிசையில் ஒரு பக்கமாக நடந்துபோய்ப் பறித்தவர் பார்க்காததை, மறுபக்கமாகத் திரும்பி வருகிறவர் பார்ப்பார்; இருவரும் பார்க்காதது இரண்டு மூன்று நாட்களில் பருத்து, பிறகு மஞ்சள் பூத்துக் கிடக்கும். அதை விற்க முடியாது என்று தெரிந்தும் அறுத்துக் கீழே போட்டுவிடுவோம். வழியில் போகிறவர்கள் காயை வீணடிக்கிறார்கள் என்று பேசுவதுண்டு. அதைக் கொடியிலேயே விட்டுவைத்தால்தான் வீண்.

பறிக்கும் வேளைக்கும் ஒரு கணக்கு உண்டு. பறித்த பின்னும் காய் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகிவிடும். உச்சி வெயிலில் பறித்த காய் அந்தச் சூட்டைக் கூடைக்குள்ளும் சுமந்துகொண்டு போய்ச் சீக்கிரமே வதங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் விடியலிலேயே பறித்துவிடலாம் என்றால் அதற்கும் தடை இருக்கிறது. பனி ஈரம் காயாத பீன்ஸ் செடிகளுக்குள் புகுந்து உரசிக்கொண்டு போனால், ஒரு செடியில் இருக்கும் இலை நோயை நம் கையாலும் உடையாலும் வரிசை முழுவதும் பரப்பிவிடுவோம். அதனால் எங்கள் வீட்டில் கீரை முதலில், வெள்ளரியும் வெண்டையும் அடுத்து, ஈரம் உலர்ந்த பிறகு பீன்ஸ், கடைசியில் தக்காளி என்று வைத்திருக்கிறோம். தக்காளியைச் செங்காயாகப் பறித்தாலும் வீட்டில் இருந்தே பழுத்துவிடும் என்பதால் அதற்குச் சற்றுப் பொறுமை உண்டு. மற்றவற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பருவம் என்றதும் விதைக்கும் பட்டம் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. பருவத்தின் கணக்குப் பறிப்பில் எவ்வளவு தாமதித்து வந்து சேர்கிறது என்பதைத் தக்காளியில் பார்க்கலாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் சேர்ந்தாற்போல் வந்தால், மகரந்தம் செயலிழந்து பூக்கள் கருகி உதிர்ந்துவிடும். அந்த வாரத்தில் தோட்டத்தைப் பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. முன்பே பிடித்த காய்கள் பழுத்துக்கொண்டிருக்கும், கூடைகள் நிறையும். பூ காயாகிப் பழுக்க ஆறேழு வாரங்கள் ஆகும் என்பதால், அன்றைய வெப்பத்தின் கணக்கு அத்தனை வாரங்கள் கழித்து, வானம் குளிர்ந்து எல்லோரும் நல்ல விளைச்சலை எதிர்பார்க்கும் நாளில், காலிக் கூடையாக வந்து நிற்கும். ‘இப்போது வெயில் இல்லையே, காய் எங்கே போயிற்று?’ என்று கேட்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இதை எழுதத் தூண்டியதும் அந்த அலுப்புத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

காயின் உருவத்திலும் அது வளர்ந்த நாட்கள் பதிந்திருக்கின்றன. ஒரு முனை பருத்து மறுமுனை சூம்பிய வெள்ளரி, பூ விரிந்த காலையில் தேனீ போதுமான அளவு வரவில்லை என்று சொல்கிறது. பூசணியின் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். பெண் பூவுக்குக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். அன்று மழை பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே வராது, பிஞ்சு நான்கு நாளில் மஞ்சளித்து விழுந்துவிடும். காம்பைச் சுற்றி வெடித்திருக்கும் தக்காளி, மண் காய்ந்து கிடந்த பிறகு திடீரென்று நிறைய நீர் குடித்து, தோல் வளர்வதற்குள் சதை பெருத்துவிட்டது என்கிறது. அடிப்புறம் கறுத்து அமுங்கிய தக்காளியைக் கண்டதும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சத்து மண்ணிலேயே இருக்கும். நீரோடு கரைந்துதான் அது காய்க்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால், தண்ணீர் ஒரு நாள் வெள்ளமும் ஒரு வாரம் வறட்சியுமாக இருந்தால் கடைக்கோடியில் இருக்கும் காயின் அடிப்பகுதிக்கு அது எட்டுவதில்லை. செடியடி மண்ணை வைக்கோலாலோ சருகாலோ மூடி (மூடாக்குப் போட்டு), அளவாகத் தண்ணீர் கட்டினாலே பெருமளவு சரியாகிவிடும். கோணலும் வெடிப்பும் விவசாயியின் சோம்பல் என்று ஒதுக்குகிற வாசகர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எல்லாப் பயிரும் இப்படி விரட்டுவதில்லை. வெங்காயம் தானாகவே தாளைச் சாய்த்து நாளைச் சொல்லிவிடும்; பிடுங்கி, கழுத்துப் பகுதி காகிதம்போல் உலரும்வரை நிழலில் காற்றாட வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பரங்கியோ தோலில் நகம் இறங்காத பதத்தில், காம்போடு அறுபட்டுவிட்டால் வீட்டின் மூலையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டும் இல்லாவிட்டால் எங்களுக்கு ஓய்வு என்பதே கிடைக்காது.

பறிப்பைத் தொடங்குவதைவிட நிறுத்துவது கடினம். பூக்கள் குறைந்து, கூடை பாதிகூட நிறையாத நிலையிலும், காய்த்துக்கொண்டிருக்கும் செடியைப் பிடுங்க மனம் வராது. அப்படி இழுத்துக்கொண்டே போனால், நோயும் பூச்சியும் பழைய செடியிலிருந்து அடுத்த பாத்தியின் இளஞ்செடிக்குக் குடிபெயர்ந்துவிடும். அடுத்தடுத்து மூன்று பறிப்புகள், பறித்தவரின் நேரத்துக்குக் கட்டுப்படியாகாமல் போனால் நான்காவது பறிப்பு இல்லை என்பது என் தந்தையார் வைத்த விதி. அவர் செடியைப் பிடுங்கும் நாளில் நாங்கள் யாரும் பக்கத்தில் போவதில்லை. பிடுங்கிய இடத்தில் மறுபடியும் அதே குடும்பத்துப் பயிரை வைப்பதுமில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை ஆகிய நான்கும் ஒரே குடும்பம்; ஒன்று போன இடத்தில் மற்றொன்றை வைப்பது பயிர் மாற்றிய கணக்கில் வராது.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறிப்பெல்லாம் முடிந்து செடியில் தங்கிய கடைசிக் காய்களை விதைக்கு விடுகிற வழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. அது விற்காததை விதையாக்குவது. நாங்கள் இரண்டாம் மூன்றாம் பறிப்பிலேயே, நோயில்லாமல் நிறையக் காய்க்கிற செடியாகப் பார்த்து, அதில் ஒரு நல்ல காயின் காம்பில் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவோம். பறிக்க இறங்குகிற சின்னப் பிள்ளைக்கும் அதைத் தொடக்கூடாது என்று தெரியும். அதனால் மற்றக் காய்கள் சில குறையலாம் என்று தெரிந்தே செய்கிறோம். வீரிய ஒட்டு ரகங்களில் இது பலிக்காது. அவற்றின் விதை தாய்ச்செடியைப்போல் வராது. வெங்காய விதையை ஓராண்டுக்கு மேல் நம்புவதற்கில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தங்கள் வேளாண் பகுதியில் ஒவ்வொரு பருவத்துக்கும் விதைப்புக் குறிப்பு வெளிவருகிறது. அதனுடன், எந்தக் காயை எந்தப் பதத்தில், எத்தனை நாள் இடைவெளியில், எந்த வேளையில் பறிப்பது, எப்போது நிறுத்துவது என்ற பறிப்புக் குறிப்பையும் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதை எழுதும்போது நிபுணர்களோடு, தோட்டங்களில் நாள்தோறும் பறிக்கிற பெண்களையும் கேட்டு எழுதுவீர்களானால், காலுறையைக் கையில் மாட்டுவதுபோல் இன்னும் பல செய்திகள் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காய்கறி விவசாயி ஒருவர்