பந்தியில் என் இலையைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும்,

நம் பக்கத்து விசேஷ வீடுகளில் இலை இலையாக நின்று பந்தி விசாரிக்கும் உங்களுக்கும், கூடவே சமையல் மேஸ்திரிகளுக்கும், வாளியோடு வரும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் என் வீடு. கல்யாணம், சாந்தி, பிள்ளைகளுக்குச் செய்யும் புதுமைச் சடங்கு, காதுகுத்து என்று வருஷத்துக்கு இருபது பந்தியிலாவது உட்கார்கிறவள். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் மதுரையில் எனக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து இலை முன்னால் உட்கார்ந்தாலே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. நீங்கள் யாரும் வையப் போவதில்லை, இன்னும் ஒரு கரண்டி வைக்கத்தான் வருகிறீர்கள், அந்தக் கரண்டிதான் எனக்குப் பயம்.

என்ன ஆபரேஷன் என்று பாதிப்பேருக்குத் தெரியவில்லை, கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்களா என்று கேட்கிறார்கள். இல்லை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேலே நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி தைத்து விடுகிறார்கள், ஒரு வாழைக்காய் அளவுதான் உள்ளே இருக்கும். ஸ்லீவ் என்று பெயர். முதலில் அதற்குள் நூறு, நூற்றைம்பது மில்லிதான் பிடிக்கும், அதாவது டீக்கடையில் கொடுக்கும் கிளாஸ் அளவு. பைபாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் சின்னதாக ஒரு பையை மட்டும் விட்டுக் குடலை அதோடு இணைத்துவிடுவார்கள். எனக்கு அப்போது 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருந்தது. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தேன். நம் வீடுகளின் உயரமான வாசல்படி ஏறி முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் முழங்கால் இரண்டும் கெஞ்சும். பத்து வருஷம் நடந்து பார்த்தேன், அரிசி, மாவு இல்லாத பேலியோ சாப்பாட்டில் இருந்து பார்த்தேன், இருபது கிலோ குறைத்து இருபத்திரண்டு கிலோ ஏற்றிக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆபரேஷனுக்குப் போனேன். "சுலபமா குறைச்சுட்டா" என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம்தான். அதுவும் கால் மணி நேரத்துக்கு முப்பது மில்லி, சொட்டுச் சொட்டாக. மருந்து அளக்கும் பிளாஸ்டிக் மூடியில் நான் வடிகட்டின பருப்புத் தண்ணீரை அளந்துகொண்டிருப்பதை அப்பத்தா இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பெட்டகத்தைத் திறந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பால் புகட்டின வெள்ளிப் பாலாடையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து என் கையில் கொடுத்தார்கள். விளிம்பில் ஒரு நசுங்கல், அது என் தம்பி கடித்தது என்பார்கள். நாற்பத்து மூன்று வயதில் அந்தப் பாலாடையில் நான் மோர்த்தண்ணீர் குடித்தேன். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் குடி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு வாரம் மசித்த சாப்பாடு, அதற்கப்புறம் குழைந்த சாப்பாடு, ஆறேழு வாரம் ஆன பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவதை நானும் தொட்டேன்.

அப்படித் தொட ஆரம்பித்த புதிதில், ஆபரேஷன் ஆன ஏழாவது வாரத்தில் ஒரு கல்யாணம். நெருங்கின பங்காளி வீடு, போகாமல் இருக்க முடியாது. பேர் வேண்டாம், அந்த வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. பந்தியில் ஆளுக்கு ஆள் நின்று "என்ன ஆச்சி, ஒண்ணுமே தொடலையே, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் மனசு நோகக்கூடாதே என்று பருப்புச் சோற்றில் மூன்று வாய் அவசரமாக எடுத்தேன், சரியாக மெல்லவில்லை. நெஞ்சுக்குழியில் கல்லை வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. ஒரு அண்ணன், "தண்ணி குடி, இறங்கிடும்" என்று டம்ளரை நீட்டினார். குடித்தேன். அதுதான் செய்யக்கூடாதது. உள்ளே இடமில்லாத இடத்தில் தண்ணீரும் போய் நின்றது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி வந்துகொண்டே இருக்க, பட்டுச் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அரை மணி நேரம் அங்கேதான். வெளியே வந்தபோது ஒரு ஆச்சி என் முதுகைத் தடவி, "ஏதாவது விசேஷமா" என்று மெல்லக் கேட்டார்கள். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் கிடந்து அழுதேன்.

அதனால் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது தடவை மென்று கூழாக்கித்தான் விழுங்க வேண்டும். ஒரு வாய் கூடினால் வலி, அதற்கும் மேலே கூடினால் வாந்தி. வாந்தி அடிக்கடி வந்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பே பாதிக்கப்படும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொரு கஷ்டம், இனிப்பு. அதிரசமோ கந்தரப்பமோ ஒன்றை முழுசாகத் தின்றால் சர்க்கரை குடலுக்குள் மளமளவென்று இறங்கி, அரை மணிக்குள் நெஞ்சு படபடத்து வேர்த்து வயிறு முறுக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கமே வரும். ஸ்லீவ் செய்த சிலருக்கும் இது உண்டு. "நல்ல காரியம், இனிப்பை வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்று இலையில் வைத்துவிட்டு நீங்கள் அடுத்த இலைக்குப் போய்விடுகிறீர்கள்.

பசி எடுக்கவில்லையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது, எனக்கு அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். முதல் ஆறேழு மாதம் பசி என்பதே மறந்து போயிருந்தது. ஆனால் ஆசை எங்கே போகும்? காலையில் பணியாரச் சட்டியில் வெள்ளைப் பணியாரம் வேகிற வாசனையும் வரமிளகாய்த் துவையலும் வந்தால் வாய் ஊறத்தான் செய்கிறது. முன்பு எட்டு சாப்பிட்டவள் இப்போது ஒன்றை நாலாகப் பிய்த்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சாப்பிடுகிறேன். சொன்னால் நம்புவீர்களா, அந்த ஒன்றில் உளுந்தும் அரிசியும் தனித்தனியாகத் தெரிகிறது. முன்பு சத்தியமாக எனக்குத் தெரிந்ததில்லை.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது முதல் எண்பது கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம். வயிற்றில் இடம் கொஞ்சம் என்பதால் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, காய், அப்புறம் மிச்சம் இடம் இருந்தால்தான் சோறு. புரதம் குறைந்தால் தசை கரையும், முடி கொட்டும். எனக்கு நாலாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது, பிறகு முளைத்துவிட்டது. வீட்டில் கவலையில்லை, நாட்டுக்கோழி ரசம், ஆட்டுக்கால் சூப், குழம்பு மீன் என்று நம் சமையலிலேயே எனக்கு வேண்டியது இருக்கிறது. நம் கல்யாணப் பந்தி சைவம், அங்கேதான் திண்டாட்டம். ஒரு இலை முழுக்க சோறும் மாவும் இனிப்பும் பொரித்ததுமாக இருக்கிறது, பருப்பு ஒரு ஓரத்தில் ஒரு கரண்டி. மேஸ்திரி அண்ணன்மாரே, அவ்வளவு அயிட்டம் போடுகிறீர்கள், அதோடு சுண்டலோ முளைகட்டின பாசிப்பயறோ, ஒரு கிண்ணம் கெட்டித் தயிரோ சேர்த்துப் போடக்கூடாதா? சர்க்கரை உள்ளவர்களும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். எத்தனை வீட்டில் சர்க்கரை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். பந்தி கால் மணியில் முடிந்துவிடுகிறது, சாம்பார் ஊற்றும்போதே அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் கை வைத்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு அரை மணி நேரம் வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது முப்பது தடவை மெல்ல யாரால் முடியும்? கடைசிப் பந்தியில் ஓரமாக ஒரு இடம், அரை இலை, எது வேண்டுமென்று நானே கேட்டு வாங்கிக்கொள்ள அனுமதி. "போதும்" என்று ஒரு தடவை சொன்னால் கரண்டியை மடக்கிக்கொள்ளுங்கள். இலையில் மிச்சம் கிடந்தால் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அன்பு குறைந்து நான் மிச்சம் வைக்கவில்லை.

ஆச்சிமாரிடம் தனியாக ஒன்று. நன்றாக இருக்கிறேன், எனக்குச் சீக்கு ஒன்றும் இல்லை. கன்னம் ஒட்டிவிட்டது, கையில் சதை தொங்குகிறது, எனக்கும் கண்ணாடியில் தெரிகிறது. இப்போது 76 கிலோ. சர்க்கரை மாத்திரையை ஆறாம் மாதம் டாக்டர் நிறுத்தினார், மாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மட்டும் ஆயுசுக்கும் உண்டு, ரத்தப் பரிசோதனையும் உண்டு. சபையில் எல்லோர் முன்னாலும் "எவ்வளவு செலவாச்சு, திரும்ப ஏறிடுமாமே" என்று கேட்கிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். திரும்ப ஏறவும் செய்யும், அது எனக்குத் தெரிந்துதான் தினமும் அளந்து சாப்பிடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இந்த ஆபரேஷனைப் பற்றி யோசித்தால் என்னிடம் தனியாக வந்து கேட்கச் சொல்லுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் சொல்கிறேன்.

இதெல்லாம் நம்மால் முடியாத காரியம் இல்லை, எங்கள் அப்பச்சி, அதாவது என் அப்பா, செய்து காட்டினார்கள். நான் கிணற்றடிக்கு ஓடின அந்தக் கல்யாணம் முடிந்து சில வாரத்தில் பிள்ளையார் நோன்பு வந்தது. நம் வீடுகளில் இருபத்தோரு நூல் சேர்த்த திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோமே, அந்த இழை. நூலை விழுங்கினால் என் வயிற்றில் சிக்கும், கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறாதவள், இந்த வருஷம் தள்ளி நிற்க வேண்டுமே என்று தூணோரமாக நின்றேன். அப்பச்சி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். என் இழையை ஏற்றிப் பிள்ளையாரிடம் காட்டிவிட்டு, தாமே வாயில் போட்டுக்கொண்டார்கள். பிறகு திரி வைக்காத மாவில் சுண்டைக்காய் அளவு கிள்ளி உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார்கள். நெய்யும் வெல்லமும் கலந்த அந்த மாவு நாக்கிலேயே கரைந்தது. கூடத்தில் இருந்த ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அப்பச்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வருகிற தையில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். உங்களில் பாதிப்பேர் அங்கே பந்தி பார்க்கப் போகிறீர்கள். மேஸ்திரியிடம் சுண்டலுக்கும் தயிருக்கும் நானே சொல்லிவிட்டேன், அதற்கு ஆகிற செலவு என்னுடையது. கடைசிப் பந்தியில், பின்கட்டுக் கதவுப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பேன். வந்து "வாங்க" என்று கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், டம்ளரில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்