ஆர்மீனியன் தெருவையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பாரிமுனையின் பாரம்பரியம் என்றாலே உயர் நீதிமன்றத்துச் செங்கல் கோபுரங்களோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எதிரில் சாலையைக் கடந்து நாலு எட்டு வைத்தால் ஆர்மீனியன் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்றால் பழைய ஆட்களுக்குச் சட்டென்று புரியும். பட்டும் ரத்தினமும் வியாபாரம் செய்ய வந்த ஆர்மீனியர்கள் 1712-ல் கட்டி, 1772-ல் மறுபடி எழுப்பிய தேவாலயம் இன்னமும் அங்கே நிற்கிறது. தடித்த சுவர், வளைவுகள் வைத்த நீண்ட தாழ்வாரம், தரையிலேயே பதித்த கல்லறைப் பலகைகள், மணிக்கூண்டில் 6 பெரிய மணிகள், வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும்போதும் உள்ளே அவ்வளவு அமைதி. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் அச்சானது நம்ம சென்னையில்தான், அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். பத்திரிகை நடத்தும் நீங்கள் இதை ஒரு முறையாவது எழுத வேண்டாமா? அப்புறம், சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு முதன்முதலில் பாலம் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் ஆர்மீனிய வணிகர்தான்.

தேவாலயம் எப்படியோ தப்பிவிடும். தெருவில் மிச்சமிருக்கும் பழைய வணிகக் கட்டடங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் எது எந்தக் காலத்தது என்றே தெரியவில்லை. இடிப்பதற்கு முன் யாராவது அவற்றைப் படமெடுத்து, அளந்து பதிவு செய்ய வேண்டும், முகப்புகளை மறைக்கும் பலகைகளையும் அகற்ற வேண்டும்.

- ஒரு வாசகர், ராயபுரம், சென்னை