இரண்டாம் வயலின் கேட்கிறது

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கணுக்கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனம் லேசானது. நின்றுகொண்டே வகுப்பெடுக்கும் பிடிவாதத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிவை. எனக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்துவிட்டது. விரல்கள் விறைப்பதால் வயலினை முன்போல நீண்ட நேரம் வாசிக்க முடிவதில்லை. ஆனால் கேட்க நேரம் இருக்கிறது, காதும் நன்றாக இருக்கிறது. பழைய ஹாலிவுட் படங்களின் பின்னணி இசையைப் பிற்காலத்தில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு புதிதாகப் பதிவுசெய்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுவருகிறேன்.

நீயும் அதைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். படத்தோடு வந்ததுதான் இசை, பிறகு வாசிப்பதெல்லாம் நகல் என்று. இதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனை காலம் என் பக்கத்து நாற்காலியில் இரண்டாம் வயலின் வாசித்த நீயா இதைச் சொல்வது?

1940இல் வந்த 'தி சீ ஹாக்' படத்தை எடுத்துக்கொள். கோர்ன்கோல்ட் எழுதிய இசை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்களுக்குக் காந்த நாடா வந்திருக்கவில்லை; ஒலி முழுவதும் ஃபிலிமிலேயே, ஒளியால் படியும் தடமாகப் பதிவானது. அதன் இரைச்சல் கேட்காமலிருக்கத் திரையரங்குகளில் உச்ச சுருதி ஒலிகளைக் குறைத்தே ஒலிபரப்பினார்கள். அதற்கும் மேல் வசனம், வாள் சத்தம், பீரங்கி. கோர்ன்கோல்டின் ஆர்கெஸ்ட்ராவுக்கு அந்த மினுமினுப்பைத் தருபவை மணிபோல் ஒலிக்கும் செலஸ்டா, வைப்ரஃபோன், ஹார்ப், பியானோ ஆகிய நான்கும்தான். திரையரங்கில் முதலில் காணாமல் போனவையும் அவையே. அடுத்துப் போனது நாம். இரண்டாம் வயலின்களும் வியோலாக்களும் மெட்டுக்கு அடியில் இழுத்த நடுக்குரல்கள் வெறும் மங்கலான கனமாக மிஞ்சின. அப்படியானால் அசல் எது? இசையமைப்பாளர் தாளில் எழுதியதா, திரையரங்கின் ஒலிபெருக்கி மிச்சம் வைத்ததா?

1972இல் சார்லஸ் கெர்ஹார்ட் லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தி, இந்தப் படத்தின் பெயரிலேயே கோர்ன்கோல்டின் திரையிசைத் தொகுப்பைப் பதிவுசெய்தார். தயாரித்தவர் கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ். ஒலிப்பதிவாளர் கென்னத் வில்கின்சன். இடம் கிங்ஸ்வே ஹால். தரைக்கடியில் ரயில் ஓடும் உறுமல் பதிவுகளில் விழுந்துவிடும் என்றாலும், அந்த அரங்கின் எதிரொலிக்காகவே எல்லோரும் அங்கே போனார்கள். அந்தத் தட்டின் முதல் நிமிடத்தைக் கேள். பித்தளை வாத்தியங்களின் முழக்கம் அடங்கியவுடன் தந்திகள் பாடத் தொடங்கும் இடத்தில், கீழே நம் வரிசை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெளிவாகக் கேட்கிறது. அந்த வரிசைக்காரர்கள் தாங்கிப் பிடிக்காவிட்டால் மேலே உள்ள மெட்டு அப்படிப் பறக்காது. பிறகு நடத்துநர் ஸ்ட்ராம்பெர்க் மாஸ்கோ சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு இதே இசையை இன்னும் முழுமையாகப் பதிவுசெய்தார். அதையும் மதிக்கிறேன், ஆனால் கெர்ஹார்டின் சூடு அதில் இல்லை.

உன் வாதத்துக்கு வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். 'சிட்டிசன் கேன்' படத்துக்காக இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் ஒரு ஓபரா பாடலை எழுதினார். கதையில் அதைப் பாடுகிறவள் குரல் போதாத பெண். அவள் அந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் மூழ்கித் தவிக்க வேண்டும் என்பதற்காகவே ஹெர்மன் அதை அவ்வளவு உச்சத்தில் வைத்தார். 1974இல் வெளியான கெர்ஹார்டின் தட்டில் அதைப் பாடியவர் ஓபரா பாடகி கிரி டெ கனாவா. மூச்சுத் திணறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு உச்ச ஸ்வரமும் முழுக் குரலில் நிற்கிறது. படத்தின் பொருள் தலைகீழாகிவிட்டது, உண்மைதான். ஆனால் வசந்தி, அந்தப் பாட்டு எவ்வளவு அழகானது என்பது அதுவரை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இயலாமையைக் காட்டுவதற்காக எழுதப்பட்ட பாட்டுக்குள் ஒரு உண்மையான ஓபரா ஒளிந்திருந்தது. படம் தன் தேவைக்கு அதை மறைத்தது, மறைத்தது நியாயமே. ஆனால் எக்காலத்துக்கும் அது மறைந்தே இருக்க வேண்டுமா? நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு விம்முகிறது.

படம் இல்லாமல் வாசிக்கும்போது அந்த வேகம் வராது என்று நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். படத்துக்கு வாசிக்கும்போது நடத்துநர் திரையைப் பார்த்தபடி கை வீசுகிறார். ஃபிலிமில் கீறிய கோடு ஒன்று திரையில் குறுக்கே நகர்ந்து வந்து, ஃபிலிமில் குத்திய துளையின் ஒளிப் பளிச்சிடலில் முடியும், அந்தக் கணத்தில் ஓசை விழுந்தாக வேண்டும். காதில் மெட்ரோனோம் போல டிக் டிக்கென்று ஓடும் ஏற்பாடும் உண்டு. அந்த நெருக்கடியில் பிறக்கும் படபடப்பு, படம் இல்லாத அறையில் தானாக வராது. இதற்கு எழுதியவரே விலக்கில்லை. 'சைக்கோ' 1960இல் வந்தது, தந்தி வாத்தியங்கள் மட்டுமே கொண்ட இசை. 1975 அக்டோபரில், தம் 64ஆம் வயதில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, ஹெர்மன் அதே இசையை லண்டனில் மீண்டும் நடத்திப் பதிவுசெய்தார். படத்தில் கேட்பதைவிட அது நன்றாகவே மெதுவாகப் போகிறது. முகப்பு இசையில் கார் துரத்துவது போன்ற அந்த விரட்டல் போய், ஏதோ பெரிய பாரம் உருண்டு வருவதுபோல ஆகிவிடுகிறது. படத்துக்கு இது ஒத்துவராது. ஆனால் அந்த மெதுவில், ஒவ்வொரு வில்வீச்சின் கடுமையும், இரண்டாம் வயலின்கள் முதல் வயலின்களோடு அரை ஸ்வர இடைவெளியில் உரசும் இடங்களும் பல்லைக் கூசவைக்கின்றன. இதையும் நடத்துநர் ஏசா-பெக்கா சலோனன் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டேன். எனக்கு இரண்டும் வேண்டும்.

பிராகில் நிக் ரெய்ன் நடத்திய 'எல் சிட்', 'பென்-ஹர்' முழுப் பதிவுகளும் வைத்திருக்கிறேன். எல்லாத் துணுக்குகளும் தனியாக நிற்கக் கூடியவை அல்ல. இருந்தாலும் இவற்றை எழுதிய ரோஷாவின் தாள்கள் முழுவதும் ஒருமுறையாவது ஒலித்திருக்கின்றன என்பதில் எனக்கு நிறைவு.

என் மனத்தை அதிகம் ஆட்டிப்படைப்பது வேறொன்று. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோ, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், இடம் அடைக்கிறது என்று தன் நூலகத்திலிருந்த முழு இசைக்குறிப்புகளையும் வாத்தியப் பகுதிகளையும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டது. பல இசை நாடகப் படங்களுக்கு மிஞ்சியவை ஒலித்தடமும், பியானோவுக்குச் சுருக்கிய நடத்துநர் பிரதிகளும்தான். நடத்துநர் ஜான் வில்சன் அந்தப் படங்களைக் காதால் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குறிப்பை மீட்டெழுதினார். 2009இல் லண்டன் புரோம்ஸ் இசைவிழாவில் அவரது ஆர்கெஸ்ட்ரா அவற்றை வாசித்தது. பிரிட்டிஷ் படங்களுக்கு இதே வேலையை ஃபிலிப் லேன் செய்தார். இது எப்படிப்பட்ட வேலை என்பது நமக்குத் தெரியும். மேலே ஓடும் மெட்டைப் பிடித்துவிடலாம், அடியில் டபுள் பாஸ் நகர்வதையும் பிடித்துவிடலாம். வசனத்துக்குக் கீழே மூன்றாவது ட்ரோம்போனும் இரண்டாம் வயலினும் எந்த ஸ்வரத்தில் நின்றன என்று எப்படிச் சொல்வது? இசையை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய அந்த ஆர்கெஸ்ட்ரா அமைப்பாளர், சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை வழக்கமாக எப்படிப் பரப்புவார் என்று பழகிய காது மட்டுமே ஊகிக்க முடியும். ஆகவே அந்தப் பதிவுகளில் நான் கேட்டு மகிழும் நடுக்குரலில் ஓரளவு வில்சனுடையதாகவும் இருக்கலாம். இது தெரிந்தும் என் மகிழ்ச்சி குறையவில்லை. தாளே இல்லாத இசையை எந்த மாணவனும் வாசிக்க முடியாது. இப்போது தாள் இருக்கிறது.

கெர்ஹார்டின் 'சீ ஹாக்', 'சிட்டிசன் கேன்' தட்டுகளையும் ஹெர்மனின் 1975 'சைக்கோ'வையும் தனியாக உனக்கு அனுப்புகிறேன். 'சைக்கோ' முகப்பைக் கேட்கும்போது மெட்ரோனோமைப் பக்கத்தில் வைத்து, படத்தின் வேகத்தையும் இதன் வேகத்தையும் அளந்து எழுது. நம் வரிசை அந்த வேகத்தில் வில்லை எங்கே வைத்து வாசித்திருக்கும் என்பதில் உன் கருத்து எனக்கு வேண்டும்; நுனியில் என்று நான் நினைக்கிறேன், நீ அடிப்பக்கம் என்பாய்.

அன்புடன்,
கலா