சிம்மை வீசினால் ஒப்பந்தம் முடியாது

அன்பு மகளுக்கு,

மாதக் கட்டண போன் ஒப்பந்தத்தை முடிக்கிற விஷயமாக நேற்று நீ சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. குரல் பதிவு போட்டால் பாதி கேட்டுவிட்டு விட்டுவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பிரித்தானியாவிலிருந்து பிளேன் ஏறும் முன் சிம்மைக் குப்பையில் போட்டுவிட்டு, வங்கியில் டிரெக்ட் டெபிட்டை, அதாவது பில் காசை உன் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற ஏற்பாட்டை, நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்றாய். முடியாது. காசு போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. நீ இங்கே இலங்கையில், மஸ்கெலியாவில் உட்கார்ந்திருக்க, பில் மாதாமாதம் நீ காலி செய்துவிட்டு வந்த அறை முகவரிக்கும், இன்னும் கொஞ்ச நாளில் மூடப்போகும் பல்கலைக்கழக ஈமெயிலுக்கும் போய்க்கொண்டிருக்கும். கட்டாத கணக்கு என்று அங்கே கடன் பதிவில் ஏறினால் ஆறு வருஷம் அப்படியே கிடக்கும். திரும்பப் போக மாட்டேன் என்று இப்போது சொல்கிறாய், 30 வயதில் என்ன சொல்வாய் என்று யாருக்குத் தெரியும்.

நீ அப்படி நினைத்ததிலும் ஆச்சரியமில்லை. இங்கே நாம் எல்லாரும் ரீலோட் ஆட்கள், கடையில் நூறு ரூபாய் போட்டால் பேசும், தீர்ந்தால் நிற்கும், யாருக்கும் கடன் இல்லை. மாதக் கட்டணம் அப்படி இல்லை, அது தோட்டத்துச் சங்கச் சந்தா மாதிரி. சங்கம் பிடிக்காமல் போனால் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் போதுமா? விலகுகிறேன் என்று கடிதம் கொடுக்காதவரை செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், சந்தா பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள், தாத்தாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

சரி, அங்கே என்ன வழி என்று ஒஃப்கொம் தளத்தில் வாசித்தேன். இங்கே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறதே, பிரித்தானியாவில் அந்த வேலையைச் செய்வது ஒஃப்கொம். முதலில், 'இன்ஃபோ' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து 85075-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பு, காசு பிடிக்காது. இப்போதே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பதில் வரும். நீ கையெழுத்துப் போட்ட காலம் முடிந்திருந்தால் பிரச்சினை இல்லை. முடியவில்லை என்றால் மிச்ச மாதங்களுக்கு ஒரு தொகை கேட்பார்கள், நாடு திரும்புகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்காதே. போனையும் தவணையில்தானே எடுத்தாய், அந்தக் கணக்கு தனியாக இருக்கிறதா என்றும் பார், பேச்சுக் கட்டணம் நின்றாலும் போன் கடன் நிற்காது.

இனி, உன் போன் இலக்கத்தை என்ன செய்யப்போகிறாய்? விட்டுவிடலாம் என்கிறாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் வங்கிக் கணக்கு அங்கே இருக்கிறது, பகுதிநேர வேலையில் பிடித்த வரியில் கொஞ்சம் திரும்ப வரலாம் என்றும் சொன்னாய், இதற்கெல்லாம் இரகசிய இலக்கம் அந்த போனுக்குத்தான் வரும். அதனால் வேறொரு கம்பனியின் சிம் ஒன்று வாங்கு, ஒப்பந்தம் இல்லாத, நம்ம ரீலோட் மாதிரியானது. அப்புறம் பழைய போனிலிருந்து பி.ஏ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்தை 65075-க்கு அனுப்பு. ஒரு நிமிஷத்துக்குள் ஒரு குறியீடு வரும், அதைப் புதிய கம்பனியிடம் கொடுத்தால் ஒரு வேலை நாளில் இலக்கம் அங்கே மாறிவிடும், பழைய ஒப்பந்தமும் அதோடு தானாகவே முடியும். 2019 ஜூலை 1 முதல் இப்படி மாறிப் போகிறவரிடம், மாறிய நாளுக்குப் பிறகு அறிவித்தல் காலம் (விலகுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டிய நாட்கள்) என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது என்று ஒஃப்கொம் விதி. யாரோடும் பேசவும் தேவையில்லை. அது உனக்காகவே செய்த மாதிரி இருக்கிறது, கடையில் மிச்சக் காசு கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளை நீ. குறியீடு 30 நாளைக்குத்தான் செல்லும், எனவே இப்போதே எடுத்து வைக்காதே, டிக்கெட் உறுதியான பிறகு எடு. புதிய சிம்முக்கு இலங்கையில் எஸ்.எம்.எஸ். வருமா, எத்தனை மாதம் பாவிக்காவிட்டால் இலக்கம் போய்விடும் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்.

இலக்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் மட்டும்தான் கம்பனியிடம் நீயே அறிவிக்க வேண்டும். பெரும்பாலும் 30 நாள் அறிவித்தல், ஆனால் உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. போனில் பேசுவதைவிட அவர்களுடைய சாட்டில் எழுது, எழுதினது கையில் இருக்கும். பாதி விலைக்குத் தருகிறோம், இன்னும் ஆறு மாதம் இருங்கள் என்று இழுப்பார்கள். நீ பாவம் பார்த்து சரி என்று சொல்லிவிடாதே, எந்தத் தேதியில் முடிகிறது, கடைசி பில் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் எழுத்தில் வாங்கு.

எந்த வழியில் போனாலும் கணக்கிலுள்ள ஈமெயிலை உன் சொந்த ஈமெயிலுக்கு மாற்றிவிடு, கடைசி பில் கட்டி முடியும்வரை டிரெக்ட் டெபிட்டில் கை வைக்காதே. தவறுதலாக அதிகமாக எடுத்தால் வங்கியிடமே திருப்பிக் கேட்கலாம், அதற்கு அங்கே உத்தரவாதம் இருக்கிறது.

போனை விற்றுவிட்டு வராதே. 2021 டிசம்பரிலிருந்து அங்கே கம்பனிகள், வேறு கம்பனி சிம் வேலை செய்யாதபடி லொக் பண்ணிய போன் விற்க முடியாது, உன்னுடையது அதற்குப் பிறகு எடுத்ததுதானே, இங்கத்தைய சிம்மும் அதில் வேலை செய்யும்.

இன்றைக்கே அந்த 85075-க்கு அனுப்பி, வருகிற பதிலைப் படம் பிடித்து வாட்சப்பில் போடு. தொகை பெரிதாக இருந்தால் நீ தனியாகக் கட்டிக்கொண்டிருக்காதே, அம்மாவின் சீட்டுக் காசு இருக்கிறது, பேசி முடிவெடுப்போம்.

அப்பா